உங்களுக்குத் தெரியுமா? பழைய ரெக்கார்டும் பிளேயரும் வாங்கும் முன்

● ஓர் எல்.பி. ரெக்கார்டின் ஒரு பக்கத்தில் இருப்பது ஒரே ஒரு வரிப்பள்ளம்தான். விளிம்பில் தொடங்கி நடு வரை சுருண்டு போகும் அதை நீட்டிப் போட்டால் ஏறக்குறைய அரைக் கிலோமீட்டர் வரும். 22 நிமிடப் பாட்டு முடிவதற்குள் அத்தனை தூரத்தையும் முள் உரசியபடியே கடந்துவிடுகிறது. முள் தேய்ந்திருந்தால் அந்த அரைக் கிலோமீட்டரையும் அது செதுக்கிக்கொண்டே போகும். அப்படிச் செதுக்கியதை எந்த மெக்கானிக்காலும் திருப்பித் தர முடியாது. பழைய பிளேயர் ஒன்று வருகிறது, வாங்கலாமா என்று யார் கேட்டாலும் பெட்டியின் பளபளப்பை விட்டுவிட்டு முதலில் முள்ளைப் பற்றித்தான் விசாரிக்கச் சொல்வேன்.

● நல்ல வைர முள்ளே 500 முதல் 1000 மணி நேரம்தான் உழைக்கும். தினம் ஓர் எல்.பி.யை இரண்டு பக்கமும் கேட்பவருக்கு அது இரண்டு முதல் நான்கு ஆண்டு. பரணில் முப்பது ஆண்டு கிடந்த பிளேயரின் முள் எத்தனை மணி நேரம் ஓடியது என்பது விற்பவருக்கே தெரியாது. தேய்மானமும் நுண்நோக்கி இல்லாமல் கண்ணுக்குப் படாது. 'முள் புதுசுதான் சார்' என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் பேரம் பேசும்போது புது முள்ளின் விலையைக் கழித்தே பேசுங்கள். மலிவான பழைய போர்ட்டபிள் பிளேயர்கள் பலவற்றில் இருந்தது வைரம்கூட அல்ல, நீலக்கல் முனை. அதன் ஆயுள் சில பத்து மணி நேரம்தான்.

● முள்ளை மாற்ற முடியுமா என்பதையும் பார்க்க வேண்டும். முள்ளைத் தாங்கும் தலைப்பகுதியான கார்ட்ரிட்ஜ் மூவிங் மேக்னட் வகை என்றால் முள்ளைக் கையாலேயே உருவிப் புதியதைச் செருகலாம். மூவிங் காயில் வகையில் பெரும்பாலும் அது நடக்காது. கார்ட்ரிட்ஜையே மாற்ற வேண்டும், செலவு ஏறும். ஒரு காலத்தில் எங்கும் கிடைத்த ஷூர் கார்ட்ரிட்ஜ்களின் தயாரிப்பை அந்நிறுவனம் 2018இல் நிறுத்திவிட்டது. ஆனாலும் ஜப்பானின் ஜிகோ போன்றவர்கள் பொருந்தும் முட்களைச் செய்கிறார்கள். பிளேயரின் மாடல் எண்ணை மட்டும் குறித்து வராமல், கார்ட்ரிட்ஜின் எண்ணையும் குறித்து வாருங்கள்.

● தட்டின் மேல் முள் எவ்வளவு எடையோடு உட்காருகிறது? காந்தவகைக் கார்ட்ரிட்ஜ் என்றால் பெரும்பாலும் 1.5 முதல் 2.5 கிராம். பழைய கிரிஸ்டல், செராமிக் வகைகளில் 5 கிராமும் அதற்கு மேலும் போகும். இன்று புதிதாக விற்கும் சூட்கேஸ் வடிவப் பிளேயர்கள் பலவற்றிலும் இதே செராமிக் கார்ட்ரிட்ஜ்தான். 60, 70களில் எத்தனையோ நடுத்தர வீடுகளின் முதல் பாட்டுப்பெட்டியான எச்.எம்.வி. ஃபியஸ்டாவின் மேல் எனக்கும் பிரியம் உண்டு. அதை வாங்குங்கள், வீட்டில் வையுங்கள், ஏற்கெனவே அடிபட்ட தட்டுகளைப் போட்டுக் கேளுங்கள். உங்களிடமுள்ள மிக நல்ல எல்.பி.யை மட்டும் அதன் முள்ளுக்குக் கொடுக்காதீர்கள்.

● மோனோ தட்டை ஸ்டீரியோ முள்ளில் தாராளமாகப் போடலாம். பழைய மோனோ பிளேயரில் ஸ்டீரியோ தட்டைப் போடுவதுதான் ஆபத்து. மோனோவில் முள் பக்கவாட்டில் மட்டும் அசைந்தால் போதும். ஸ்டீரியோ பள்ளத்தில் மேலும் கீழும்கூட அசைய வேண்டும். மேல்கீழாக அசையத் தெரியாத முள் பள்ளத்தை உழுதுவிடும். ஸ்டீரியோ எல்.பி.க்கள் கடைக்கு வந்தது 1958 வாக்கில்; அதற்கு முந்தைய பிளேயர் என்றால் இதை மறக்க வேண்டாம்.

● அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த பிளேயரை ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டினால் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜை மட்டுமே குறைக்கும். அங்கே மின்சாரம் நொடிக்கு 60 சுழற்சி, இங்கே 50. பழைய பெல்ட் பிளேயர்கள் பலவற்றின் ஏ.சி. மோட்டார் இந்தச் சுழற்சியைப் பார்த்துத்தான் ஓடும். எனவே நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்ற வேண்டிய தட்டு இங்கே 27.8 சுற்றுதான் சுற்றும். பாட்டு மெதுவாவது மட்டுமல்ல, சுருதியும் மூன்று சுரத்தானத்துக்கு மேல் இறங்கும். ஐந்து கட்டையில் பாடியவர் மூன்று கட்டைக்கு வந்துவிடுவார்! தாரன்ஸ், டூயல் போன்ற நிறுவனங்கள் 50 சுழற்சிக்கென்றே வேறு அளவு புல்லி செய்தன. அது கிடைத்தால் தீர்ந்தது. குவார்ட்ஸ் கட்டுப்பாட்டில் ஓடும் டைரக்ட் டிரைவ் பிளேயருக்கு இந்தத் தொல்லை இல்லை, வோல்டேஜைப் பார்த்தால் போதும். ஜப்பானிய உள்நாட்டு மாடல் என்றால் அது 100 வோல்ட். பின்பக்கத் தகட்டைப் படிக்காமல் பிளக்கைச் செருக வேண்டாம்.

● வேகம் சரியா என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். தட்டின் ஓரத்தில் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்துச் சுற்றவிட்டு எண்ணுங்கள். 3 நிமிடத்தில் சரியாக 100 சுற்று வர வேண்டும். சில பிளேயர்களின் ஓரத்தில் புள்ளி வரிசைகள் இருக்கும். நம் ஊர் மின்சாரத்தில் எரியும் நியான் விளக்கில் 180 புள்ளி கொண்ட வரிசை அசையாமல் நிற்பதுபோலத் தெரிந்தால் வேகம் சரி.

● சராசரி வேகம் சரியாக இருந்தும் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் வேகம் கூடிக் குறையலாம். தளர்ந்த பெல்ட், காய்ந்த பேரிங், கோணிய தட்டு, மையம் விலகிய துளை, எல்லாமே காரணமாகும். இதைப் பிடிக்க நமக்கு வாய்த்த வசதி வேறு யாருக்கும் இல்லை என்றே சொல்வேன். தம்பூரா மட்டும் ஒலிக்கும் இடத்தையோ, நாதஸ்வரத்தின் நீண்ட கார்வையையோ போட்டுக் கேளுங்கள். சுரம் அசையாமல் நின்றால் பிளேயர் நல்லது. அலைபாய்ந்தால் உடனே காதில் விழும். கமகமும் பிருகாவும் நிறைந்த இடத்தை வைத்துச் சோதித்தால் எதுவும் தெரியாது. பிளேயர் பார்க்கப் போகும்போது உங்களுக்கு நன்றாகப் பழகிய ஒரு தட்டைக் கையோடு எடுத்துப் போவது இதற்காகத்தான்.

● டெக்னிக்ஸ் எஸ்.எல்.-1200 பிளேயர் முதலில் வந்தது 1972இல். டி.ஜே.க்களின் கைக்கு வாகான எம்.கே.2 மாடல் 1979இல் வந்தது. 2010இல் தயாரிப்பை நிறுத்திய நிறுவனம், தட்டுகளின் மறுவரவைப் பார்த்து 2016இல் மீண்டும் தொடங்கியது. பழையதில் எது நம்பிக்கை என்று கேட்டால் பலரும் இதைக் கைகாட்டக் காரணம், நாற்பது ஆண்டு உழைத்தும் வேகம் மாறாத மோட்டார். ஆனால் டி.ஜே. கிளப்பில் உழைத்தது என்றால் முள்ளைத் தாங்கும் கையான டோன்ஆர்மை இரண்டு விரலால் மெல்லப் பிடித்து அசைத்துப் பாருங்கள். கடகடவென ஆடினால் பேரிங் போய்விட்டது.

● இங்கிலாந்தின் ஸ்விண்டன் நகரில் 1954இல் உருவான காரார்ட் 301 பிளேயருக்கு இன்றும் உலகம் முழுக்க ஆள் காத்திருக்கிறது. ஆனால் ரேடியோவும் பிளேயரும் ஒரே மரப்பெட்டியில் சேர்ந்த நம் ஊர் ரேடியோகிராம்களில் காரார்ட் பெயரோடு கிடைப்பது பெரும்பாலும் 301 அல்ல, ஆட்டோ சேஞ்சர். அடுக்கி வைத்த தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் தானே விழவைக்கும் இயந்திரம் அது. பெயரை மட்டும் பார்த்து விலை கொடுத்துவிடாதீர்கள்.

● ரேடியோகிராமின் தேக்கு மர வேலைப்பாட்டுக்காகவே அதை வாங்குகிறவர்கள் உண்டு, தவறே இல்லை. வாங்கியதும் பிளக்கைச் செருகி 'பாடுதா பாப்போம்' என்பதுதான் தவறு. ஆண்டுக்கணக்கில் மின்சாரம் காணாத கெப்பாசிட்டர்கள் முதல் அடியிலேயே வெடிக்கலாம், டிரான்ஸ்ஃபார்மரையும் சேர்த்துக் கொண்டுபோகலாம். வால்வு செட் தெரிந்த மெக்கானிக் ஒருவர் திறந்து பார்த்த பிறகே சுவிட்சைத் தொடுங்கள்.

● காந்தவகைக் கார்ட்ரிட்ஜிலிருந்து வரும் மின்சமிக்ஞை ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் ஐந்து பங்கு. சி.டி. பிளேயர் தருவது 2 வோல்ட், அதாவது 400 மடங்கு. அதனால் டர்ன்டேபிளை நேராகச் சாதாரண ஸ்பீக்கரில் இணைத்தால் கிணற்றுக்குள் பாடுவதுபோல் கேட்கும். நடுவில் ஃபோனோ ப்ரீஆம்ப் வேண்டும். அதன் வேலை சத்தத்தைக் கூட்டுவது மட்டுமல்ல. தட்டில் பதிக்கும்போது கீழ்ஸ்தாயி ஒலியைக் குறைத்தும் மேல்ஸ்தாயி ஒலியைக் கூட்டியும் பதிப்பார்கள், பள்ளம் அகலாமல் இருக்கவும் இரைச்சல் அடங்கவும். 1954இல் அமெரிக்கத் தட்டு உற்பத்தியாளர் சங்கம் வகுத்த அந்த அளவைத் தலைகீழாக்கிச் சமன்செய்வதும் ப்ரீஆம்ப்தான். பழைய ஆம்ப்ளிஃபயரின் பின்னால் 'ஃபோனோ' என்ற வாய் இருந்தால் அதற்குள் இது இருக்கிறது என்று பொருள். இல்லையென்றால் தனியாக வாங்க வேண்டும். பிளேயரின் விலை, புது முள், புது பெல்ட், ப்ரீஆம்ப் நான்கையும் கூட்டிப் பார்த்த பிறகு, பழையது மலிவு என்ற கணக்கு சில நேரம் நிற்காது. அப்போது உத்தரவாதத்தோடு வரும் சாதாரணப் புது பிளேயரையே வாங்குங்கள்.

● அமெரிக்காவில் 2020இல் வினைல் தட்டுகளின் விற்பனைத் தொகை சி.டி.யைத் தாண்டியது. 1986க்குப் பிறகு அப்படி நடந்தது அதுவே முதல்முறை. 2022இல் எண்ணிக்கையிலும் முந்தியது. காயலான் கடையில் எடைக்குப் போன தட்டுகளுக்கு இன்று விலை சொல்வது இதனால்தான்.

● சரி, தட்டுக்கு வருவோம். உறையிலிருந்து எடுத்ததும் எல்லாரும் கீறலைத் தேடுவார்கள். அதற்கு முன் நடுத்துளையைச் சுற்றியுள்ள லேபிளைப் பாருங்கள். பிளேயரின் நடுக்குச்சி துளையைத் தேடித் தடவிய மெல்லிய கோடுகள் அங்கே இருக்கும். தட்டு எத்தனை முறை சுற்றியது என்பதற்கு அதைவிட நேர்மையான சாட்சி இல்லை. மேற்பரப்பு பளபளவென்று இருந்து லேபிளில் கோடுகள் நிறைந்திருந்தால், யாரோ துடைத்து மெருகேற்றியிருக்கிறார்கள். பள்ளத்தின் உள்தேய்மானம் மெருகில் மறையும், பாட்டில் மறையாது.

● கீறல் குறுக்காக விழுந்த தட்டில் 'டிக்' என்ற ஒலி 1.8 நொடிக்கு ஒருமுறை வரும். 33⅓ வேகத்தில் தட்டு ஒரு சுற்று முடிக்க ஆகும் நேரம் அது. ஒழுங்கான இடைவெளியில் டிக் வந்தால் கீறல். ஒழுங்கில்லாமல் பொரிந்தால் பெரும்பாலும் தூசியும் பூஞ்சையும்தான், கழுவினால் குறையும். ஒழுங்கில்லாத பொரிதலுக்கு விலையைக் குறைத்து வாங்கலாம். ஒழுங்கான டிக் போகவே போகாது.

● கேட்டுப் பார்க்க ஒரே ஒரு நிமிடம்தான் கொடுப்பார்கள் என்றால் முதல் பாட்டைக் கேட்காதீர்கள், கடைசிப் பாட்டைக் கேளுங்கள். எல்.பி.யின் வெளிவிளிம்பில் முள்ளுக்கடியில் நொடிக்கு ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் பள்ளம் ஓடுகிறது. நடுவில் அது 20 சென்டிமீட்டர் சுமாருக்குச் சுருங்கிவிடும். அதே ஒலியைப் பாதி இடத்துக்குள் அடைத்திருப்பதால் தேய்மானம் அங்கேதான் முதலில் தெரியும். கடைசிப் பாட்டில் 'ச', 'ஸ' எழுத்துகள் சிதறாமல் இருந்தால் அந்தத் தட்டை நம்பலாம்.

● 60, 70களின் தமிழ்ப் படப்பாடல்கள் பெரும்பாலும் எல்.பி.யில் அல்ல, 7 அங்குல இ.பி. தட்டில்தான் வந்தன. 45 வேகம், பக்கத்துக்கு இரண்டாகப் பெரும்பாலும் நான்கு பாடல். ஒரு படத்துக்கே இரண்டு இ.பி. வந்திருக்கலாம். ஒன்றை வைத்துக்கொண்டு 'முழுப்படமும் இருக்கு' என்பவரிடம் பின் அட்டைப் பாடல் பட்டியலைக் கேளுங்கள். அமெரிக்க 45 தட்டுகளின் நடுத்துளை பெரிது, நம் இ.பி.க்களில் எல்.பி. போலவே சிறு துளைதான், அடாப்டர் தேவைப்படாது.

● கல்யாண வீடு, கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம் என்று குழாய் ஸ்பீக்கரில் தமிழ்நாடு முழுக்கப் பாட்டைக் கொண்டுசேர்த்தவர்கள் மைக் செட்காரர்கள். இன்று விற்பனைக்கு வரும் தமிழ்த் தட்டுகளில் கணிசமானவை அவர்களுடையவை. லேபிளில் பேனாவால் எழுதிய சவுண்டு சர்வீஸ் பெயரும் வரிசை எண்ணும் இருந்தால் அடையாளம் அதுதான். வெயிலிலும் புழுதியிலும் கனத்த முள்ளிலும் ஓடிய தட்டுகள். அதிலும் ஊரே கேட்க விரும்பிய பாட்டுகளும் கதைவசன எல்.பி.க்களும் அதிகம் தேய்ந்திருக்கும். யாரும் கேட்காத பின்பக்கப் பாட்டு புதிதுபோல இருக்கும். சேகரிப்பாளர் கண்ணுக்கு அந்தக் கையெழுத்து ஒரு குறை. எனக்கு அப்படிப்படவில்லை. ஆனால் அதற்கு நல்ல தட்டின் விலையைக் கொடுக்கவும் மாட்டேன்.

● ஏவி.எம். நிறுவனர் ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் படம் எடுக்க வருவதற்கு முன் சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்ற பெயரில் ரெக்கார்டு வியாபாரம் செய்தவர். ஓடியன் தட்டுகளைக் கொண்டுவந்தது அந்தக் கடை. பழைய 78 தட்டுக்கட்டில் ஓடியன் லேபிள் கண்டால் ஒரு நிமிடம் நின்று பாருங்கள்.

● 78 வேகத் தட்டு வினைல் அல்ல. அரக்குப்பூச்சி தரும் அரக்கோடு மண்பொடி கலந்து அழுத்தியது. உலகத்துக்கே அரக்கு போனது பெரும்பாலும் இந்தியாவிலிருந்துதான். இரண்டாம் உலகப்போரில் வரத்துத் தடைபட்டதும் 1942இல் அமெரிக்கா தட்டுத் தயாரிப்புக்கான அரக்குக்குக் கட்டுப்பாடு விதித்தது. கீழே விழுந்தால் உடையும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆல்கஹாலில் கரையும் என்பதுதான் பலருக்குத் தெரியாது. வினைலுக்கென்று விற்கும் ஆல்கஹால் கலந்த திரவத்தை 78 தட்டில் தடவினால் பாட்டே கரைந்து போகும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் நனைத்த மென்மையான துணியால் பள்ளத்தின் போக்கிலேயே துடைத்து உடனே உலர்த்துங்கள், லேபிள் நனையாமல்.

● 78 தட்டின் பள்ளம் எல்.பி.யின் பள்ளத்தைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு அகலம். எல்.பி. முள்ளை அதில் வைத்தால் அடியில் கிடக்கும் மண்ணைச் சுரண்டும், பாட்டைத் தொடாது. இரண்டுக்கும் தனித்தனி முள் வேண்டும். கைச்சாவி கொடுத்து ஓட்டும் கிராமபோனில் இரும்பு முள். ஒரு பக்கத்துக்கு ஒரு முள், பிறகு தூக்கிப் போட்டுவிட வேண்டும். அந்தக் கிராமபோனில் எல்.பி.யை வைப்பது ஒரே ஒரு முறைதான் நடக்கும், அதோடு தட்டு தீர்ந்தது.

● பளபளக்கும் பித்தளைக் குழாய், நாய் படம் போட்ட எச்.எம்.வி. தகடு, செதுக்கிய மரப்பெட்டி. மும்பை சோர் பஜார் தொடங்கிப் பல ஊர் கலைப்பொருள் கடைகளில் இருக்கும் இத்தகைய கிராமபோன்களில் பெரும்பாலானவை அண்மையில் ஒட்டுப்போட்டுச் செய்தவை. அலங்காரத்துக்கு என்றால் சரி, நூறாண்டுப் பழையது என்ற விலைக்கு வேண்டாம்.

● 1960களில் மேலைநாடுகள் 78 தட்டை மறந்துவிட்டிருந்தன. இந்தியாவிலோ கிராமபோன்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. அதனால் பீட்டில்ஸ் பாடல்களே இங்கு 78 தட்டுகளாக வந்தன. இன்று அவற்றை உலகச் சேகரிப்பாளர்கள் தேடி அலைகிறார்கள். ஆங்கிலப் பாட்டுதானே என்று கட்டிலிருந்து ஒதுக்கிவிடாதீர்கள்.

● 1977இல் வாயேஜர் விண்கலங்களில் நாசா அனுப்பிய தங்க ரெக்கார்டு 16⅔ வேகத்தில் சுற்றுவது. இந்துஸ்தானி இசைப் பாடகி கேசர்பாய் கேர்கர் பாடியதும் அதில் இருக்கிறது. தட்டோடு கார்ட்ரிட்ஜையும் முள்ளையும் சேர்த்தே அனுப்பினார்கள். பழைய நான்கு வேகப் பிளேயர்களில் 16 என்று ஓர் எண் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: பேச்சும் புத்தக வாசிப்பும் பதிந்த தட்டுகளுக்காக வந்தது அந்த வேகம்.

● சென்னையில் பழைய பொருள் தேடுவோரின் புகலிடமாக இருந்த மூர் மார்க்கெட் 1985இல் எரிந்துபோனது. இப்போது நல்ல தட்டுகள் கிடைப்பது கடைகளிலிருந்து என்பதைவிட வீடு காலி செய்பவர்களிடமிருந்துதான். மொத்தக் கட்டாக வாங்கும்போது அவை எப்படி இருந்தன என்று பாருங்கள். நிறுத்தி அடுக்கியிருந்தால் நல்லது. ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைத்திருந்தால் அடியிலுள்ளவை கோணியிருக்கும். தட்டைக் கண்மட்டத்துக்கு உயர்த்தி விளிம்பைப் பார்த்தாலே தெரிந்துவிடும். வாங்கியதும் நேராக வீட்டுக்கு வாருங்கள். சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் ஒரு மணி நேரம் விட்டுப் போனால் வினைல் வளைந்துவிடும்.

● இவ்வளவு சோதனையும் எங்கும் கிடைக்கும் பாட்டுக்குத்தான். கட்டில் ஒரு மேடை நாடகத் தட்டு, பெயரறியாத ஓதுவாரின் தேவாரம், உள்ளூர்க் கச்சேரி, பேச்சு என்று வேறெங்கும் கேட்டறியாத ஒன்று இருந்தால் கீறல், பூஞ்சை, கிழிந்த உறை எதையும் பார்க்க வேண்டாம். வாங்குங்கள். சுத்தம்செய்து, சரியான முள்ளுள்ள பிளேயரில் ஒரே முறை ஓட்டி, கணினியில் பதிந்துகொள்ளுங்கள். லேபிளின் இரண்டு பக்கத்தையும் படமெடுத்து, ஓடிமுடியும் இடத்தில் தட்டில் கீறியிருக்கும் எண்ணையும் குறித்து, பதிவோடு சேர்த்து வையுங்கள். அந்த எண்தான் அது எந்த வார்ப்பிலிருந்து வந்தது என்பதைப் பின்னால் தேடுபவருக்குச் சொல்லும்.